வெள்ளிக்கிழமை ஒரு மணி மேசை

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்றும் காலையிலிருந்து மின்சாரம் இல்லை. எங்கள் தலைநகரத்துக் கெய்ரோ சாலையில் பாதிக் கடைகளில் ஆறிப்போன சாப்பாடுதான். விறகடுப்பு இருப்பதால் பீட்சா கடையில் மட்டும் உட்கார இடமில்லை. மாடி மாடியாக எல்லா அலுவலகங்களும் கீழே இறங்கி அங்கே வந்துவிட்டன போலிருந்தது. அக்கா மகள் மபாலோ எனக்கு முன்பே வந்து, ஜன்னலோர மேசையில் எதிர் நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். எதிர்க் கட்டடத்து வங்கியில் அவளுக்கு வேலை கிடைத்து மூன்று வருடம். அன்றிலிருந்து வெள்ளி மதியம் நாங்கள் இரண்டு பேரும் இந்தப் பீட்சா கடையில்தான்.

அவளுக்கு ஏழாம் மாதம். காலையில் கிளினிக் போய்விட்டு வந்திருந்தாள்.

"நர்ஸ் ஒரு கேள்வி கேட்டாங்க சித்தி. உங்க அம்மாவுக்குப் பிரசவத்துல பிரஷர், வலிப்பு ஏதாச்சும் வந்துச்சான்னு. உடனே கிட்வேக்குப் போன் போட்டு அம்மாகிட்டயே கேட்டுட்டேன். 'ஒண்ணுமில்லடி, இருமினேன், நீ வந்து விழுந்துட்ட'ன்னா."

சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"அப்படின்னா மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதுமாம். அடுத்தது முப்பதாம் தேதி." பிறகு என் தட்டைப் பார்த்தாள். "யாருக்கு சித்தி இப்படிப் பொடிப்பொடியா வெட்டுறீங்க, கோழிக்கா?"

இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன். மபாலோ என் வயிற்றில் பிறந்தவள். எனக்கு அப்போது பதினேழு வயது. காசாமா ஆஸ்பத்திரியில் எட்டாம் மாதம் எனக்கு வலிப்பு வந்தது. இரண்டு நாள் நினைவில்லை. கண் விழித்தபோது குழந்தை முவென்யா அக்காவின் மடியில் இருந்தது. கல்யாணமாகி ஆறு வருடம் பிள்ளையில்லாத அக்கா. "இனி இவ என் பிள்ளை. யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு, கசுபா" என்றாள். பண்ணினேன்.

'ஒண்ணுமில்ல' என்று அக்கா சொன்னது பொய் இல்லைதான். அவள் இருமக்கூட இல்லை.

ஆகஸ்ட் 3

தூக்கம் இல்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அலுவலகத்தில் இன்று பதினோரு கோப்புகள். இன்சூரன்ஸில் மருத்துவக் கோரிக்கைகளைப் படித்துப் பார்த்து முடிவு எழுதுவது என் வேலை. பன்னிரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஏழாவது கோப்பு ஒரு லாரி ஓட்டுநருடையது. தாயாருக்குச் சர்க்கரை நோய் இருந்ததை மனுவில் மறைத்திருக்கிறார். 'குடும்ப நோய் விவரம் மறைக்கப்பட்டது. நிராகரிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரமோ.

தாய்க்கு வந்திருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு கோப்பிலாவது படிக்கிறேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். குனிந்து பார்த்தேன். கணுக்கால் எங்கே என்றே தெரியவில்லை.

"எல்லாருக்கும் இப்படித்தான் வீங்குமாம் சித்தி. வெயில் வேற."

குளிர் இன்னும் விடாத ஆகஸ்டில் என்ன வெயில்?

அவளுக்கு இப்போதெல்லாம் உப்பில் ஊறிய நெத்திலி போட்ட பீட்சாதான் வேண்டும். எங்கள் ஏரிப் பொடிமீனை நினைத்து 'இத்தாலிக்காரர்களின் கபெண்டா' என்று பெயர் வைத்திருக்கிறாள். பரிமாறுகிற ஜெரே அங்கோனி இனத்து ஆள்; எங்கள் பெம்பா இனத்தைக் 'குரங்குதின்னி' என்று அவர்களும், அவர்களை 'எலிதின்னி' என்று நாங்களும் கேலி செய்வது பழைய வழக்கம். பெம்பாக்காரர்களான எங்களை வம்புக்கு இழுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"மன்னிக்கணும் தாய்மார்களே, குரங்குக் கறி போட்டது இன்னைக்குத் தீர்ந்துபோச்சு."

"எலி போட்டது மட்டும்தான் மிச்சமா? அதை உங்க ஆளுங்களுக்கே வைங்க" என்றாள் மபாலோ. பக்கத்து மேசைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

"நெத்திலி இன்னும் கொஞ்சம் போடுங்க ஜெரே."

"வேண்டாம்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "உப்பு அதிகம்" என்று சொல்லி மழுப்பினேன். ஜெரே தலையைச் சொறிந்துகொண்டு போனார். நெத்திலி வந்தது. அவள் தின்றாள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 10, சனி

அக்காவைப் போனில் கூப்பிட்டேன். கால் வீங்கியிருக்கிறது என்றேன். கிளினிக்கில் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்றேன். பின்னால் கோழிகள் கத்துவது மட்டும் கேட்டது.

"எனக்கும் கால் வீங்குது. எனக்கு என்ன பிரசவமா?"

"அக்கா, எனக்கு வந்தது அவளுக்கும் வரலாம். நான் செத்துப் பிழைச்சவ. உனக்குத் தெரியாதா?"

"எனக்கா தெரியாது? உன்னைத் தூக்கிப் போட்டது போட்டபடி இருந்தப்ப பக்கத்துல நின்னவ நான். அந்தப் பிள்ளைக்கு சொட்டுச் சொட்டா பால் ஊத்தினவ நான். பள்ளிக்கூடம், காய்ச்சல், கல்யாணம் எல்லாத்துக்கும் நான். நீ இத்தனை வருஷமா ஒரு சாக்குக்குக் காத்திருந்த. இப்பக் கிடைச்சிருக்கு."

வைத்துவிட்டாள்.

உண்மையா அது? மூன்று வருடமாக வெள்ளிக்கிழமை வந்தால் நல்ல சித்தெங்கெ துணியாகப் பார்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓடுகிறேனே — எதற்கு? சொல்லிவிட ஆசை இல்லை என்று சத்தியம் பண்ண முடியுமா என்னால்? முடியாது. ஆனால் அவள் கால் வீங்கியிருப்பது என் ஆசை இல்லையே. அது கால். கண்ணால் பார்த்தேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கோழை. கோழை. கோழை.

இன்று சொல்லிவிடுவதென்று போனேன். மபாலோவின் கணவன் லுவேந்தோவும் வந்திருந்தான். நல்ல பையன்; பேச்சை விடச் சாப்பாட்டில்தான் கவனம். அவன் எதிரில் எப்படிச் சொல்வது? அதனால் ஒரு கதை கட்டினேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண், அவளுக்கும் இப்படித்தான் கால் வீங்கியது, அசட்டையாக இருந்தாள், கடைசியில் ஆபத்தாகிவிட்டது, நீயும் போய் பிரஷர் பார், முப்பதாம் தேதிவரை ஏன் காத்திருக்கிறாய் என்று.

"எந்தப் பொண்ணு சித்தி? போன மாசம் உங்க ஆபீஸ் விருந்துல எல்லாரையும் பார்த்தேனே."

"அது... வேற கிளை."

"சித்தி என்னை விடப் பயப்படுறாங்க" என்று லுவேந்தோவின் தோளில் சாய்ந்து சிரித்தாள். "அம்மாவுக்கே ஒண்ணும் வரலையே. நான் அம்மா மாதிரி."

அவன் என் தட்டில் மிஞ்சியதையும் எடுத்துச் சாப்பிட்டான்.

ஆகஸ்ட் 19, திங்கள்

போன் செய்தேன். "கால் எப்படி இருக்கு?" "இருக்கு சித்தி, ரெண்டும் இருக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நடந்தது நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

ஒரு மணிக்குப் போனேன். அவள் மெனு அட்டையை முகத்துக்கு நேராக, வெளிச்சத்தை மறைப்பதுபோலப் பிடித்திருந்தாள். விரலில் மோதிரம் இல்லை. இறுக்குகிறது என்று சோப்புப் போட்டுக் கழற்றினாளாம். முகமும் உப்பியிருந்தது. பீட்சா வந்தது. தொடவில்லை.

"நேத்துல இருந்து தலைவலி. கண்ணுல வேற என்னமோ மினுமினுன்னு. அடுப்பைப் பார்த்ததால இருக்கும்."

அடுப்பு அவள் முதுகுப் பக்கம் இருந்தது.

"எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"சாப்பிட்டுட்டு—"

"இப்ப. இப்பவே எழுந்திரு மபாலோ. எனக்கும் இப்படித்தான் கண்ணுல மின்னுச்சு, அப்புறம்தான் வலிப்பு வந்துச்சு."

எழுந்துகொள்ளப் போனவள் அப்படியே நின்றாள்.

"உங்களுக்கா? எப்ப?"

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"சித்தி. நீங்க எப்பப் பிள்ளை பெத்தீங்க?"

சுற்றிலும் ஒரே இரைச்சல். பின் மேசையில் யாருக்கோ பிறந்தநாள், கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில்தான் சொன்னேன். சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

"இருபத்தேழு வருஷம் முன்னாடி. காசாமாவுல. மே பதினாலு."

அவளுடைய பிறந்த தேதி. அவள் உதடு மட்டும் அசைந்தது. கணக்குப் போடுவதுபோல. அப்புறம் மெதுவாக உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவளுக்குப் பதில் புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை மறக்க மாட்டேன்.

"திட்டு. அடி. என்ன வேணா பண்ணு. ஆனா முதல்ல டாக்டர்கிட்டப் போ. உன்னைப் பெத்தவளுக்கு வலிப்பு வந்துச்சுன்னு அங்க சொல்லு. கெஞ்சிக் கேக்கிறேன்டி."

"தொடாதீங்க."

கையை எடுத்துக்கொண்டேன்.

"என் கூட வராதீங்க."

ஜெரே எங்களையே கவனித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். கிட்டே வந்தார். கேலி கிண்டல் ஒன்றும் இல்லை. "வாங்கம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் டாக்ஸி பிடிச்சுத் தரேன்" என்று அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். அவரோடு போனாள். வாசல் தாண்டும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் லுவேந்தோவைக் கூப்பிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றேன். காரணம் கேட்டான். அவள் சொல்வாள் என்றேன்.

ஜெரே திரும்பி வந்து, தானும் கூடப் போயிருக்க வேண்டுமோ என்று கேட்டபோதுதான், அவளைத் தனியாக அனுப்பிவிட்டேன் என்பதே உறைத்தது. டாக்ஸி போய்விட்டிருந்தது.

மாலை ஐந்தரை. லுவேந்தோவின் செய்தி: 'பிரஷர் 170/115. அட்மிட் பண்ணிட்டாங்க. வலிப்பு வராம இருக்க மருந்து ஏறுது. நீங்க வர வேண்டாம்னு சொல்றா. மன்னிச்சுக்கோங்க.'

ஆகஸ்ட் 24, சனி

அக்கா கூப்பிட்டாள். கிட்வேயிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள்.

"திருடி" என்றாள். ஒரே வார்த்தை. பஸ் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

ஆகஸ்ட் 25

ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். எதிர்ச்சாரியில் நின்றேன். திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஆபரேஷன். பெண் குழந்தை. ஒரு கிலோ நானூறு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மபாலோ கண் திறந்து தண்ணீர் கேட்டாளாம்.

தண்ணீர் கேட்டாள். தண்ணீர் கேட்டாளாம்.

செப்டம்பர் 6, வெள்ளி

கால் தானாகவே அங்கே போய்விட்டது. ஜெரே ஜன்னலோர மேசையைத் துடைத்துக் கொடுத்தார். எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். "இனி கேலி பண்ண எங்களுக்கு இன்னும் ஒரு குரங்குதின்னி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாப்பிட முடியவில்லை. கட்டித் தரச் சொல்லி எடுத்து வந்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

மேசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள்! பயணத்துக்குக் கட்டுகிற தலைத்துணியோடு, நேராக, பஸ் நிலையத்தில் உட்காருவதுபோல.

"ஒரு மணிக்கு நீ இங்க இருப்பேன்னு மபாலோ சொன்னா."

உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஒரு பீட்சாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ரொட்டி மேல தக்காளி. இதுக்கா ஓடி ஓடி வந்தீங்க?" ஒரு துண்டைப் பிய்த்தாள், வைத்துவிட்டாள். "டாக்டர் சொன்னாரு. அன்னைக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தா காலையில எழுந்திருக்க மாட்டாளாம்."

நான் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நான்தான் இருமினேன்னு சொன்னவ." அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது, முகம் மட்டும் அசையவில்லை. "பெருமையா இருந்துச்சுடி கசுபா, அப்படிச் சொல்ல. ஒவ்வொரு தடவையும்."

"அக்கா—"

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே. திருடின்னு சொன்னதுக்கு வருத்தப்படுறேன், அவ்வளவுதான். நீ இங்க இருப்பேன்னு சொன்னதோட சரி, அவ என்கிட்டயும் பேசறதில்லை. பால் பீச்சிப் புட்டில கொடுப்பா, நான் எடுத்துட்டுப் போய் நர்ஸ்கிட்டக் கொடுப்பேன். அவ்வளவுதான் எங்க ரெண்டு பேருக்கும்."

கிளம்பும்போது என் தோள் துணியைச் சரி செய்துவிட்டாள். சின்ன வயதில் செய்வதுபோல, கொஞ்சம் முரட்டுத்தனமாக.

அக்டோபர் 11

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. லுவேந்தோ சொன்னான். இரண்டு கிலோ இருநூறு.

நவம்பர் 22, வெள்ளி

முதல் மழை. சாலை முழுக்கத் தண்ணீர், கடையில் பாதி மேசை காலி. நான் ஆர்டர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மபாலோ உள்ளே வந்தாள். நெஞ்சோடு துணியில் கட்டிய பொதி. இளைத்திருந்தாள்.

எழுந்து நின்றேன். உட்காருங்க என்பதுபோலக் கையைக் காட்டினாள். வணக்கம் சொன்னாள், எந்த உறவும் சேர்க்காமல். தனக்கும் ஒரு பீட்சா சொன்னாள், நெத்திலி இல்லாமல். ஜெரே கத்தி முள்கரண்டியை வைத்துவிட்டுப் போனார்.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நான் பிறந்தப்ப அழுதேனா?"

"தெரியாதும்மா. எனக்கு நினைவில்லை. கண் முழிச்சப்ப ரெண்டு நாள் ஆயிருந்துச்சு. நீ அக்கா மடியில தூங்கிட்டிருந்த."

"கேட்டீங்களா? என்னைத் தரச் சொல்லி?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லை" என்றேன். "எனக்குப் பயமா இருந்துச்சு. யாராவது எடுத்துட்டுப் போனா போதும்னு இருந்துச்சு. அடுத்த வாரம்தான் வேணும்னு தோணுச்சு. அப்பச் சொல்ல முடியல."

நெடுநேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பீட்சாவும் வந்தன. ஒரு கையால் வெட்டப் பார்த்தாள், தட்டு நழுவியது. மறுபடி வெட்டினாள். பொதி சிணுங்கியது.

"பிடிங்க" என்றாள். முடிச்சை அவிழ்த்து, மேசைக்கு மேலாக நீட்டினாள். "ரெண்டு கையாலயும் சாப்பிட்டு மாசக்கணக்காச்சு."

வாங்கிக்கொண்டேன். கையில் இருப்பதே தெரியாத கனம். ஆனால் சூடு தெரிந்தது. அவள் தலையைக் குனிந்து வேகமாகச் சாப்பிட்டாள், என்னைப் பார்க்காமல். முடித்துவிட்டு, ஆறிக்கொண்டிருந்த என் தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.