குல்மோகர் மரத்தடியில் கோழிச்சண்டை

உமாவுக்கும் உலக மக்களுக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு: இன்று மாலை நம் குல்மோகர் மரத்தடியில் சட்ட மறுப்புப் போராட்டம். தலைமை, நம் ஐந்து வயது மகள் ஸ்வாதி.

குழந்தைகள் பூ பொறுக்கக்கூடாது, மண்ணில் உட்காரக்கூடாது என்று அபார்ட்மெண்ட் கமிட்டி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இயற்கையோடு விளையாட பிளாஸ்டிக் புல் விரித்த மூலை இருக்கிறதாம். செயலாளர் சேகரன் அதற்கு ரிப்பன் வேறு வெட்டினார். அந்தச் சுற்றறிக்கையின் அடியில் உன் கையெழுத்தும் இருக்கிறது. நேற்று நாம் முகம் திருப்பிக்கொண்டு படுத்தது அதனால்தான்.

இந்தப் பூ, மழை வலுக்கும்வரைதான் இருக்கும். பூவின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள்தான் கோழிகள்; ஆளுக்கொன்றாக எடுத்து, தலையோடு தலை மாட்டி இழுக்க வேண்டும். தலை அறுந்த கோழி தோற்றது. இதைப் பிளாஸ்டிக் புல்லில் எப்படி ஆடுவது என்று உன் கமிட்டி தீர்மானம் போடட்டும்.

ஹெப்பாள் பஸ்ஸில் வந்து இறங்கியதும் சாப்பிடு. எலுமிச்சை சாதம் ஹாட்பாக்ஸில் இருக்கிறது. நான் சாவி எடுத்துப்போகவில்லை. மணி அடித்தால் கோபத்தோடாவது கதவைத் திற. சேகரன் புகாரோடு வந்தால் காபி கொடு, மன்னிப்பு மட்டும் கேட்காதே.

பி.கு.: கவுனில் சேறு பட்டால் நானே துவைக்கிறேன்.

இன்னொன்று: செருப்பு மாட்டும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். "உனக்கு ஆடவே வரலப்பா, அம்மாதான் பேக்கு" என்று பாதி கன்னடத்தில் அடம்; அம்மாதான் வேண்டுமாம். நீயே கீழே வந்து ஆடு. எனக்குப் பூ பொறுக்கும் வேலைதானாம்.