கேட்டால் திரும்பச் சொல்லுவினம்

மச்சான்,

இன்று இரவு நம் இணைய நிறுவனத்தின் கருவி அறையில் பழைய ரவுட்டரின் முன்னால் போய் நின்றபோது, அதன் நெற்றியில் நீ ஒட்டிய காகிதத் துண்டு கண்ணில் பட்டது. "கை வைச்சால் கை இராது." உன் கோணல் எழுத்தேதான். சிரித்துக்கொண்டே கை வைத்தேன். வென்றும் விட்டேனடா! அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நம் சண்டை உனக்கு மறந்திருக்காது. இணையத்தில் எந்தெந்த இடத்துக்குத் தன் வழியாகப் போகலாம் என்று அயல் நிறுவனத்தின் ரவுட்டர் நம்முடையதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பது நாம் எழுதும் விதி. விதியை மாற்றினால், முன்பு தள்ளியதையும் மறுபடி பார்க்க வேண்டும். அதற்காக நீ அவர்கள் சொன்ன அத்தனைக்கும் பிரதி எடுத்து உள்ளே அடைத்து வைத்தாய். ரவுட்டரின் நினைவகம் பொங்கல் பானை போல விளிம்பில் நின்றது.

"அயலாரைக் கேட்டால் திரும்பச் சொல்லுவினம். பிறகேன்டா சுமக்கிறாய்?" என்பேன்.

"யுத்தத்திலை சாமான் வராத தடைக்காலத்திலை வளர்ந்தவன் நான். கிடைக்கேக்கை எடுத்து வைக்கவேணும்," என்பாய்.

குருநகரில் உங்கள் வீட்டுக் கட்டிலின் கீழே அம்மா இன்னும் சவர்க்காரக் கட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார். பிள்ளை மட்டும் வேறு எப்படி இருப்பான்!

இன்று உன் தங்கையின் குழந்தைக்குக் கனடாவில் ஞானஸ்நானம். அம்மா காணொளியில் பார்த்துக்கொண்டிருக்க, நாம் வழக்கமாக எடுக்கும் பாதை படுத்துவிட்டது. படம் உறைந்து உறைந்து நின்றது. "தம்பி, பிள்ளையின்ரை தலையிலை தண்ணி வாக்கிறதைக் காணாமல் விட்டிடுவனோ?" என்று அழைத்துக் கேட்டார். விதியை மாற்றி அயலாரின் வழிகளை ஏற்றால் சரியாகும். ஆனால் நிரம்பிய நினைவகத்தில் மேலும் ஏற்றினால் ரவுட்டர் விழுந்துவிடும். இணைப்பை வெட்டித் திரும்பப் போட்டால் அயலார் எல்லாம் புதிதாகச் சொல்வார்கள், ஆனால் எல்லாருடைய அழைப்பும் அறுந்துபோகும்.

உன் சேமிப்பை அழித்தேன். விதியை மாற்றினேன். பிறகு இணைப்பை வெட்டாமலே, எல்லாவற்றையும் இன்னொரு முறை சொல்லும்படி அயல் ரவுட்டருக்குக் கோரிக்கை விட்டேன். அது மறுமொழி தருமா என்று நாம் ஒருநாளும் சோதித்ததில்லை. நீ விட்டால்தானே!

வந்ததடா! வழிகள் மளமளவென்று வந்து விழுந்தன. ஓர் அழைப்பும் அறவில்லை. நினைவகத்திலும் தாராளமாக இடம் கிடந்தது. அந்தச் சின்ன அறையில் தனியாகத் துள்ளினேன், யார் பார்த்தால் என்ன?

அம்மா திரும்ப அழைத்தார். "இப்ப வடிவாத் தெரியுது தம்பி. சேர்ச்சிலை சுவாமி தண்ணி வாத்திட்டார். பிள்ளைக்கு என்ரை மோன்ரை பேர்தான்!" உன் பெயரைச் சொல்லி அவர் சிரித்துக்கொண்டே அழுதார். நானும்தான்.

"பாத்தியே?" என்று கேட்க நீ உட்காரும் கதிரைப் பக்கம் திரும்பினேன், அது வெறுமையாகக் கிடந்தது. சண்டையின் கடைசியில் நீ எப்போதும் எறியும் கேள்வி அப்போதுதான் நினைவுக்கு வந்தது: "கேக்கேக்கை சொல்ல ஆள் இல்லாட்டி?" நான் ஒவ்வொரு முறையும் நக்கலடித்துத் தப்பிவிடுவேன்.

இன்று அயலார் இருந்தார்கள், கேட்டதும் சொன்னார்கள். ஆனால் நீ இல்லை; உன்னிடம் இனிக் கேட்க முடியாது, மச்சான். ஆகவே நீ சொன்ன அத்தனையையும், அன்று நான் ஏற்காமல் தள்ளியதையும் சேர்த்து, அப்படியே வைத்திருக்கிறேன்.