புல் மெஷினும் வீரம்மாளின் பசுவும்

10.10.94 திங்கள்
காலையில் தூறல், பிறகு புழுக்கம். புல் வெட்டும் மெஷின் வந்து இறங்கிவிட்டது, எங்கள் மில்லின் ஸ்ரீவில்லிபுத்தூர் கெஸ்ட் ஹவுஸில். மரப்பெட்டியைப் பிரித்தால் சிவப்பு பெயிண்டில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. தள்ளவே வேண்டாமாம், லீவரை அழுத்தினால் தானாக நகர்ந்து வெட்டுமாம். மில்லுக்கு இது அவசியம் என்று ஜி.எம்.முக்கு மூன்று பக்கம் நோட் போட்டவன் நான்.

இத்தனை வருடம் புல் அறுத்தது வீரம்மாள். மடவார் வளாகத்திலிருந்து விடியும்போதே அரிவாளோடு வருவாள். கூலி கிடையாது. அறுக்கிற புல் அவள் பசுவுக்கு, அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பசுவின் பால் பால்கோவாக் கடைக்குப் போகிறது, குடும்பம் அதில்தான் ஓடுகிறது. புல்தரை கொஞ்சம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதுதான் எனக்குக் குறை.

நாளையிலிருந்து அறுக்க வேண்டாம் என்றேன். முகம் விழுந்துவிட்டது. "அப்ப எம் மாட்டுக்கு சார்?"

"வெட்டுன புல்லை நானே கட்டித் தாரேன். குனியாம கொள்ளாம தூக்கிட்டுப் போ."

ஸ்கூட்டரில் ராஜபாளையம் திரும்பும் வழியெல்லாம் எனக்கு என்னைப் பற்றி ரொம்பப் பெருமை.

12.10 புதன்
மெஷினின் லட்சணம்:
1. கயிற்றைப் பதினோரு தடவை இழுத்தால் ஒரு தடவை ஸ்டார்ட்.
2. லீவரை அழுத்தினால் என்ஜின் கத்துகிறது. சக்கரம் நின்ற இடத்திலேயே.
3. நகர ஆரம்பித்தால் நிற்பதில்லை. குரோட்டன்ஸ் செடி இரண்டு காலி.
4. மேடு ஏறாது. சுத்தமாக ஏறாது.

மில் ஃபிட்டர் குருசாமி பிரித்துப் பார்த்தான். ஈரத்தில் பெல்ட் வழுக்குகிறதாம். "தானா நடக்கும்னு சொன்னாக. நம்மதான் இதப் புடிச்சு நடத்திக்கிட்டுத் திரியுதோம் சார்." சிரிப்பு வேறு. சுள்ளென்று விழுந்துவிட்டேன் அவன் மேல். பாவம், அவன் என்ன செய்வான்.

உள்ளங்கையில் கொப்புளம். வீட்டில் மனைவி சரோஜா பார்த்துவிட்டு, "மில்லுல ஆபீசர் வேலையா, வண்டி இழுக்குற வேலையா?" என்றாள்.

14.10 வெள்ளி
திங்களன்று மில்லுக்கு நூற்பு மெஷின் விற்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் கெஸ்ட் ஹவுஸுக்கு வருகிறார்கள். ஜி.எம். இரண்டு தடவை போன். புது பெல்ட் போட்டும் அதே கதை. கடைசியில் முன்னால் கயிறு கட்டி குருசாமி இழுக்க, பின்னால் நான் தள்ள, தானாக நகரும் மெஷினை இரண்டு பேராக நகர்த்தினோம். வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். இடுப்பு போய்விட்டது.

வெட்டிய புல் பொடிப்பொடியாக, ஈரமாக. சாக்கில் போட்டால் காய்ந்துவிடும். நூல் கோன் பேக் செய்யும் பாலிதீன் பைகள் மில்லில் இருக்கின்றனவே, புதுசு, சுத்தம். அதில் ஐந்து பை அமுக்கி நிரப்பி, வாயை இறுக்கக் கட்டினேன். நல்ல யோசனை.

மாலை வீரம்மாளும் மருமகள் செல்வியும் வந்தார்கள். செல்வி வ. புதுப்பட்டிப் பெண். கல்யாணமாகி நாலு மாதம், தரையைப் பார்த்தே பேசும்.

"நாளைக்குப் புரட்டாசிக் கடசிச் சனி சார். எல்லாருமா இங்கன பக்கத்துல திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போறோம். மாட்டுக்குப் பக்கத்து வீட்ல வைக்கோல் போடச் சொல்லியிருக்கேன். இது ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்குமா?" வீரம்மாள் கேட்டாள்.

"தாங்கும். அவுக்காம வையி, பச்சையாவே இருக்கும்."

ஆளுக்கு இரண்டு பை தலையில். மிச்சம் ஒன்றை நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கினேன்.

17.10 திங்கள்
விருந்தாளிகள் வந்தார்கள். புல்தரை, முடிவெட்டப் பழகுகிறவன் கையில் சிக்கிய தலை. ஜி.எம். அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

பதினொரு மணிக்கு குருசாமி வந்து சொன்னான். அவனும் வீரம்மாள் தெருதான். வீரம்மாளின் பசு விடியற்காலை செத்துவிட்டது. வயிறு உப்பி.

போனேன். மாடு காலை நீட்டிக் கிடந்தது. கால்நடை டாக்டர் அப்போதுதான் வந்திருந்தார். வீரம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, "கோயில் பொங்கல ஒரு சட்டி கொண்டாந்து மாட்டுக்கு வச்சிருக்கா சார் எம் மருமக மூதேவி. அவ கால் வச்ச நேரம், எம் மாட்டுக் கொட்டடி காலியாப் போச்சு." தெருவே கூடி நின்று கேட்டது. செல்வி காலைப் பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். விரட்டியாகிவிட்டது.

பிறகு வீரம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். "நேத்துப் பூரா நீங்க குடுத்த புல்லத்தான் ஆசையாத் தின்னுச்சு. ஒங்களுக்குப் புண்ணியம் சார்."

சுவரோரம் பிரிக்காத பை ஒன்று. இதையெல்லாம் காதில் வாங்காமல் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் அதை அவிழ்த்துக் கைவிட்டார். உள்ளே கொதிக்கிறது, புளிச்ச வாடை. என்னைத் தள்ளிக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார்: "ஒரு சட்டிப் பொங்கல்ல இம்புட்டுப் பெரிய மாடு சாகாது சார். பொடிப்புல்ல ஈரத்தோட அடைச்சு வச்சா இப்படித்தான் புளிச்சு வெசமாகும். எவன் கட்டுனது இத?"

"தெரியல" என்றேன். திரும்பி வந்தால் வீரம்மாள் இன்னும் மருமகளை மூதேவி என்று ஏசிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

தெரியலையாம்.

19.10 புதன்
மழை. ஆபீஸ் போனேன், ஒரு ஃபைல் நகரவில்லை. மெஷின் ஷெட்டில். விற்ற கம்பெனியில் ரிப்பேருக்குக் கோயம்புத்தூர் அனுப்பச் சொல்கிறார்கள். எங்கேயாவது போய்த் தொலையட்டும்.

சொன்னால் மாடு வருமா? வராது. வீரம்மாள் கேட்கவும் இல்லை. கோபம் ஆறினால் மருமகளை அவளே கூப்பிட்டுக்கொள்வாள். இப்படியே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் பொய் சொல்லும்போது நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அதுதான் அசிங்கமாக இருக்கிறது.

"ரெண்டு நாளாச் சோத்த அளையுதீக, என்னன்னு சொன்னாத்தான?" சரோஜா. வயிறு சரியில்லை என்றேன். இன்னொரு பொய்.

குருசாமி சொன்னது: மகன் போய் செல்வியைக் கூட்டிவரக் கிளம்பினானாம். மாட்டைக் கொன்னவ இந்த வாசல மிதிச்சா நான் கெணத்துல விழுந்துருவேன் என்று வீரம்மாள் மறித்துவிட்டாளாம். அந்தப் பெண் நம்பிவிட்டிருப்பாள், தான் வைத்த பொங்கல்தான் என்று.

22.10 சனி
வெயில். போய்ச் சொல்லிவிட்டேன்.

வீரம்மாள் வாசலில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். நின்றபடியே ஒரே மூச்சில், "பொங்கல் இல்ல வீரம்மா. நான் பையில கட்டிக் குடுத்த புல்லுதான். டாக்டர் அன்னிக்கே எங்கிட்டச் சொல்லிட்டாரு. நான் மறைச்சிட்டேன்."

வாய்க்கு வந்தபடி ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருக்கலாம். வேறு மாடு வாங்கித் தருகிறேன் என்றதை அவள் காதில் வாங்கவே இல்லை. அவள் கேட்டது வேறு.

"அன்னிக்கேன்னா? நான் அந்தப் புள்ளைய ஏசிக்கிட்டு இருக்கையிலயா?"

"ஆமா."

"மாட்டுக்கு நீங்க தெரியாமச் செஞ்சீக சார். அத நான் பேசல. ஊரக் கூட்டி அவள நான் மூதேவின்னேன். நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீகல்ல. அது தெரிஞ்சேதான?"

அவள் எழுந்து உள்ளே போனாள்.

சேலையை மாற்றிக்கொண்டு வந்து கதவைப் பூட்டினாள். வ. புதுப்பட்டிக்கு நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன், செல்வியிடம் நானே சொல்கிறேன் என்றேன்.

"நீங்க வர வேண்டாம் சார். பஸ்ஸுல போய்க்கிடுதேன்."

பஸ் வரும்வரை எதிர்ப்பக்கம் நின்றேன். அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.