ரெண்டும் பூவண்டுதான்

9-11-1959
கிராம சேவக் வேலைக்கு வந்து எட்டு மாதத்தில் இன்றுதான் மேலதிகாரி சிரித்தார். பெருநகர் கிராமத்து வெண்டைக் கொல்லையில் பூவைத் தின்ற சிவப்பும் கறுப்புமான வண்டுகளை அக்காவையும் ஊர்ப் பெண்களையும் வைத்துக் கையாலேயே பொறுக்கி ஒழித்துவிட்டோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாளை அக்கா கூலிக்குப் போகும் துவரைக் கொல்லை.

10-11
துவரையிலும் அதே சிவப்பு, அதே கறுப்பு. மண்ணெண்ணெய்த் தண்ணீர் டப்பாவோடு மார்த்தாள் அக்காவை இறக்கினேன். ஒன்றைப் பிடித்துப் பார்த்துக் கேட்டாள்: "இன்னாடா தானி, வெண்டையில இருந்தது கல்லாட்டம் இருந்துச்சு. இது மெத்துன்னு கீது. ரெண்டும் ஒண்ணா?"
"ரெண்டும் பூவண்டுதான்கா. பொறுக்கு."
வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே சாயங்காலம்வரை பொறுக்கினாள்.

11-11
அக்காவின் விரலெல்லாம் கொப்புளம். இடது கண் வீங்கி மூடிக்கிடக்கிறது. "சுண்ணாம்பு பட்டாப்புல எரியுதுடா" என்கிறாள். தண்ணீர் விட்டுக் கழுவினேன். வேறென்ன செய்வது?

12-11
எரிச்சல் குறையவில்லை. நான் இன்னா பண்ணுவேன், ஆண்டவரே.

13-11
காஞ்சிபுரத்து டாக்டர், வண்டின் நீர் பட்டு விழி புண்ணாகிவிட்டது என்றார். மருந்து எழுதிக் கண்ணுக்குக் கட்டுப் போட்டார். பார்வை எவ்வளவு திரும்பும் என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.
திரும்பும்போது பஸ்ஸில் அக்கா கேட்டது: "இதால உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?"

15-11
இரண்டையும் தனித்தனி மைப்புட்டியில் போட்டு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வெண்டை வண்டு அகலம், தட்டை, ஓடு கெட்டி. துவரை வண்டு நீளம், முதுகில் குறுக்கே பட்டை. குச்சியால் தொட்டால் கால் மூட்டிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு கசிகிறது. அந்தச் சொட்டுதான்.
அக்கா தொட்டதுமே கண்டுபிடித்தாள். எனக்குப் பெயர் ஒன்றாக இருந்தது போதுமாக இருந்தது. படித்த திமிர் — வேறென்ன?

22-11
அக்கா கண் அப்படியேதான் இருக்கிறது.

6-12
கட்டு அவிழ்த்தாயிற்று. வீக்கம் இல்லை, வலி இல்லை. கருவிழியில் மட்டும் பால் சிந்தினதுபோல் ஒரு வெள்ளை.
ஊர்ப் பெண்களுக்குக் காட்ட மைப்புட்டிகளை எடுத்து வைத்திருந்தேன். அக்கா இரண்டையும் வாங்கிக்கொண்டாள். நல்ல கண்ணைச் சிரிப்போடு உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக இடது கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.
"நீ சொன்னது சரிதான்டா தானி. இப்போ எனக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் கீது."