ஐதராபாத்துக்கு டபுள் பெல்

3 ஜூன், செவ்வாய்
பாறசாலையில் காலையிலிருந்தே மழை. ஓய்வு பெற்ற கண்டக்டருக்கு மழை நல்லது. நனைந்த குடையோடு யாரும் மேலே வந்து விழப்போவதில்லை. நிம்மதியாகச் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மகள் அஞ்சு வந்து சொன்னாள். ஐதராபாத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"எவ்வளவு தூரம் மக்கா?"

"ஃபிளைட்டுல ஒன்றரை மணி நேரம், கொஞ்சம் கூட ஆவும். நீங்க டிக்கெட் குடுத்த அம்பூரி பஸ்ஸுக்கும் அந்த நேரம் ஆவும்லா?"

ஆகும்தான். மழைக்காலத்தில், முன்னால் ரப்பர் தடி ஏற்றிய லாரி மாட்டினால். ஆனால் அம்பூரிக்குப் போனால் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுவேன்.

4 ஜூன், புதன்
சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விலாசினிக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளைய ஃபுட்போர்டுல நிறுத்தி வச்சிருக்கியளே. ஒண்ணு ஏத்துங்க, இல்லேங்கி இறக்கி விடுங்க." கண்டக்டர் பெண்டாட்டி அல்லவா, வார்த்தையும் அப்படித்தான் வரும்.

எனக்கு என்னதான் பயம்? ஒரு ராத்திரி அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நான் எந்த பஸ்ஸைப் பிடித்துப் போவேன்? போவ முடியாதுல்லா!

5 ஜூன், வியாழன்
சுந்தரதாஸ் வீட்டுக்குப் போனேன். வேலை பார்த்த காலமெல்லாம் அவன் டிரைவர், நான் கண்டக்டர். எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன்.

"எலே மோகனா, நீ ஒரு பெல் அடிச்சா வண்டிய நிறுத்துவேன், ரெண்டு அடிச்சா எடுப்பேன். ஒண்ணும் அடிக்காம நின்னா நான் என்ன செய்ய?" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அஞ்சுவிடம், "வாறேன்னு எழுதிப் போடு" என்றேன். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பயமும் இருக்கிறது.

15 ஜூன், ஞாயிறு
விலாசினி மாங்காய் அச்சாறு போட்டு பாட்டில் பாட்டிலாக அடைத்தாள். பெட்டியில் துணியைவிட அச்சாறு அதிகம்.

21 ஜூன், சனி
சுந்தரதாஸின் காரில் திருவனந்தபுரம் விமான நிலையம் போனோம். வாசலில் பெட்டியோடு நின்று அஞ்சு திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"அப்பா, போவட்டா?"

பக்கத்தில் கிடந்த தள்ளுவண்டியின் கம்பியில் இரண்டு தட்டு தட்டினேன். டங், டங். சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

விமானம் வானத்தில் ஏறுவதைப் பார்க்காமல் வரமாட்டேன் என்றாள் விலாசினி. சங்குமுகம் கடற்கரையில் காத்திருந்து பார்த்தோம். திரும்பும் வழியெல்லாம் நெரிசல். பாலராமபுரத்திலேயே பாதி நேரம் போயிற்று. உதியன்குளங்கரையில் வண்டி அசையாமல் நின்றபோது அஞ்சுவின் போன்.

"ஐதராபாத் எத்தியாச்சு அப்பா. நீங்க வீட்டுக்குப் போயாச்சா?"

சுந்தரதாஸ் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான்.

22 ஜூன், ஞாயிறு
ஓணத்துக்கு அஞ்சு வருவாள். அதற்கு முன்னால் நாமே விமானத்தில் ஐதராபாத்துக்கு ஒரு நடை போய் வந்துவிடலாம் என்று இன்று சொன்னது நான்தான். ஜன்னல் சீட் தனக்காம், விலாசினி இப்போதே சொல்லிவிட்டாள். எடுத்துக்கொள்ளட்டும். கண்டக்டருக்கு ஜன்னல் எதற்கு?