வால் பலகை தெரியும்வரை

ஐந்தாம் கேபின்
மார்ச் 4

நாலாம் கேபின் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் சிக்னல் லீவர்களும் நலம். நீயும் நலம்தான் என்று மணியடிக்கிற வேகத்திலேயே தெரிகிறது.

ஒவ்வொரு வண்டிக்கும் நமக்குள் மணி போகிறது, வருகிறது. பேச்சுதான் இல்லை. இரண்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்துக் கேபினில் இருந்துகொண்டு, புருஷன் பெண்டாட்டி மணியிலேயே குடும்பம் நடத்துகிறார்கள் என்று கேலி பேசுகிறார்கள். அதனால் இதை எழுதி, கூட்ஸ் வண்டிக் கார்டு அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இந்தத் தடத்துக் கேபின்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஒரே கட்டுப்பாட்டுக் கூடத்திலிருந்து சிக்னல்களை இயக்கப்போகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். மூடுவதற்கு முன்னால் கேபின்களின் வரலாற்றை ஒரு மலராகப் போடுகிறார்கள். நாலுக்கும் ஐந்துக்கும் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. எழுதியதை, மற்றவர்கள் எழுதியதோடு சேர்த்து, இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பு. நாம் இருவரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றும் வேண்டுமாம். ‘இரண்டு கேபின், ஒரு குடும்பம்’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். மலர்க் குழுவில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது.

மெயில் வண்டி நின்ற கதையையும் சேர்த்திருக்கிறேன். படிக்கிறவர்கள் சிரிக்க ஏதாவது வேண்டாமா? தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

இன்னொன்று. புதுக் கூடத்தில் நம் இரண்டு கேபினுக்கும் சேர்த்து ஒரே நாற்காலிதான். அதற்கு நீயும் மனு போட்டிருக்கிறாய், நானும் போட்டிருக்கிறேன். நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்கள். நீ மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஐந்தாம் கேபின் பொறுப்பாளர்
(உன் கணவன்)


நாலாம் கேபின்
மார்ச் 7

ஐந்தாம் கேபின் அய்யாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மேலே ‘பொறுப்பாளர் அவர்களுக்கு’ என்று மரியாதை. இரண்டு வரி தாண்டினால் ‘நீ’. நான் யார் என்று முதலில் முடிவு பண்ணிக்கொண்டு எழுதுங்கள்.

வரலாற்றைப் படித்தேன். முதல் கேபினில் கம்பத்தில் பந்தை ஏற்றி இறக்கி வண்டியை விட்ட காலம், ஆற்றுப் பாலத்துக்காக இரண்டாம் கேபின் கட்டியது, மூன்றாம் கேபின் தீப்பிடித்தது என்று மற்றவர்கள் எழுதியதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. என் கேபினுக்கு நீங்கள் எழுதியது இது:

‘காலையில் வீட்டில் நடந்த சிறு ஊடலின் விளைவாக, நாலாம் கேபின் அம்மையார் தம் கணவருக்கு லைன் கிளியர் என்னும் வழி அனுமதி தர மறுத்ததால் மெயில் வண்டியே காத்து நின்றதும் உண்டு. சிக்னல் பச்சையான பிறகும் அம்மையாரின் முகம் சிவப்பாகவே இருந்தது.’

ஊடலா? அன்று காலையில் நீங்கள் போட்ட டீயைக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்று உங்களைக் கிண்டல் பண்ணிவிட்டு, சிரித்துக்கொண்டேதான் டூட்டிக்கு வந்தேன். மறந்துபோச்சா?

மதியம் மழை. உங்கள் பக்கத்திலிருந்து கார்டு இல்லாத காலி வேகன் வண்டி வந்தது. கடைசி வேகனில் இருக்கவேண்டிய சிவப்புப் பலகை இல்லை. வால் பலகை இல்லாமல் ஒரு வண்டி வந்தால் அதன் பின்பாதி நடுவழியில் கழன்று நிற்கலாம் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்களுக்கும் எனக்கும் ஒரே வகுப்பில்தானே சொல்லிக்கொடுத்தார்கள்? மூன்றாம் கேபினில் அந்த வண்டியை நிறுத்தி வேகன்களை எண்ணச் சொன்னேன். எண்ணி முடிக்கும்வரை உங்களுக்கு லைன் கிளியர் தரமாட்டேன் என்றேன். உங்கள் சிக்னலில் மெயில் வந்து நின்றது.

உடனே போன் பண்ணினீர்கள். “நான் சொல்றேன்ல, என் கண்ணு முன்னாடிதான் முழு வண்டியும் போச்சு. பலகை எங்கேயாவது விழுந்திருக்கும். கொடு.”

“உங்க கண்ணு முன்னாடி போச்சு. என் கண்ணு முன்னாடி வரலியே.”

“புருஷன் சொல்றதை நம்ப மாட்டியா?”

அந்த ஒரு கேள்வியை நீங்கள் கேட்டிருக்கவே கூடாது. அது வீட்டுக் கேள்வி. லீவர் முன்னால் அதற்கு இடமில்லை.

எண்ணிப் பார்த்தார்கள், வண்டி முழுசாகத்தான் இருந்தது. பலகை உங்கள் பக்கத்துச் சரிவில் புல்லில் கிடந்தது. ஊரே சிரித்தது. வீட்டுக்கு வந்து, “நாளைக்கும் இப்படித்தான் நிக்க வைப்பியா?” என்று கேட்டீர்கள். நிற்க வைப்பேன் என்றேன். “அப்போ இந்த வீட்ல எதுக்கு இருக்கே?” என்றீர்கள். பெட்டியை எடுத்தேன்.

நாலாம் கேபினின் வரலாறு வேண்டுமா? எழுதிக்கொள்ளுங்கள். முன்பு இங்கே கேபின் கிடையாது. தரையோடு தரையாக ஒரு தகரக் கொட்டகை. ஆள் உயரப் புல்லில் கடைசிப் பெட்டி கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் சரிவில் ஒரு கூட்ஸின் பின்பாதி கழன்று நின்றுவிட்டது. அது தெரியாமல் கொட்டகைக்காரர் லைன் கிளியர் கொடுத்துவிட்டார். பின்னால் வந்த பயணிகள் வண்டி அதில் மோதியது. பிள்ளைகளோடு சேர்த்து எத்தனையோ பேர் செத்தார்கள். ஏன் கொடுத்தாய் என்று விசாரணையில் கேட்டதற்கு அவர் சொன்ன பதில், “கேட்டாங்க, கொடுத்துட்டேன்.” அதற்குப் பிறகுதான் இத்தனை உயரத்தில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்து இந்தக் கேபினைக் கட்டினார்கள். கடைசிப் பெட்டியைப் பார்ப்பதற்காகவே கட்டிய கேபின் இது. இதில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்த்தவளுக்குப் பெயர் ஊடல்காரியா?

இதைப் படித்துவிட்டு எந்த அதிகாரி எனக்கு அந்த நாற்காலியைத் தருவார்? அது உங்களுக்குத் தெரியாமல் இல்லை.

கையெழுத்து கிடையாது. படம் கிடையாது. மனு அப்படியே இருக்கும். குழாய்க்குப் புது வாஷர் போட்டால் ஒழுகாது.

நாலாம் கேபின் பொறுப்பாளர்


ஐந்தாம் கேபின்
மார்ச் 11

பொறுப்பாளர் அவர்களுக்கு,

நீ கேட்டுக்கொண்டபடி இனி மரியாதையாகவே எழுதலாம் என்று பார்த்தேன். மூன்று வரி எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். எனக்கு ‘நீ’தான் வருகிறது. கோபித்துக்கொள்.

நடந்ததைத்தானே எழுதினேன்? வண்டி முழுசாகத்தான் இருந்தது. நான் சொன்னதுதான் சரி என்று ஆயிற்று. கன்ட்ரோலர் என்னைப் போனில் கிழித்துத் தோரணம் கட்டினார். மெயில் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “என்ன சார், வீட்ல சண்டையா?” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். எனக்கு மானம் ரோஷம் இருக்காதா? அன்றைக்கு நீ ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்திருந்தால் இன்றைக்கு நாம் இப்படி மணியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டோம்.

ஊடல் என்று எழுதினால் யாருக்கும் கெட்ட பெயர் வராது என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான்.

வாஷர் போட்டேன். இப்போது முன்னைவிட அதிகமாக ஒழுகுகிறது.

இப்படிக்கு,
நான்தான்


நாலாம் கேபின்
மார்ச் 13

ஐந்தாம் கேபின் அய்யாவுக்கு,

நீங்கள் சொன்னது சரியாக இருந்தது. நான் செய்ததும் சரிதான். இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பது இத்தனை வருடம் லீவர் இழுத்த உங்களுக்கு ஏன் ஏறவில்லை?

அந்த வண்டியின் பின்பாதி கழன்று நின்றிருந்தால் என்னைத் தலையில் வைத்து ஆடியிருப்பீர்கள். மாலை போட்டிருப்பார்கள். கழலாததால் நான் கேலிப்பொருள். அப்படியானால், என் வேலைக்கு மதிப்பு வரவேண்டும் என்றால் யாராவது சாகவேண்டுமா? உங்கள் குழுவில் கேட்டுச் சொல்லுங்கள்.

குழாய்க்கு வாஷரைத் தலைகீழாகப் போட்டிருப்பீர்கள்.

நாலாம் கேபின் பொறுப்பாளர்


ஐந்தாம் கேபின்
மார்ச் 20

உனக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் நீ தலைக்கனம் பிடித்து ஆடுவாய். சொல்லமாட்டேன்.

குழுவுக்குப் போனேன். ஊடலை அடித்துவிட்டு, நீ சொன்ன மாதிரியே தகரக் கொட்டகை, மோதல், வால் பலகை எல்லாம் எழுதிக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா மலர்ல சாவெல்லாம் எதுக்கு? பெரிய மனுஷங்க கையில கொடுக்கப்போறோம். அந்தப் புருஷன் பொண்டாட்டிக் கதைதான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. அது இருக்கட்டும்.”

“அது நடக்கலைங்க” என்றேன்.

“முதல்ல எழுதினதே நீங்கதானே?” என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெயரை எடுப்பார்களாம், கதையை எடுக்கமாட்டார்களாம். அச்சுக்குப் போய்விட்டது.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அடுத்த வாரம் என் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நாற்காலி உனக்கு.

இப்படிக்கு,
உன் கணவன்


நாலாம் கேபின்
மார்ச் 22

உங்களுக்கு,

மனுவைத் தொட்டீர்களோ, பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் விட்டுக்கொடுத்து எனக்கு நாற்காலி வந்தால், ‘பெண்டாட்டிக்குப் புருஷன் பிச்சை போட்டான்’ என்று அடுத்த மலரில் எழுதுவார்கள். நீங்களும் அந்த நாற்காலிக்கான தேர்வுக்கு வாருங்கள். நானும் வருகிறேன். ஜெயித்தால் ஜெயித்தேன் என்று இருக்கவேண்டும். தோற்றாலும் உங்களிடம் தோற்றேன் என்று இருக்கட்டும், உங்கள் பெருந்தன்மையிடம் தோற்க என்னால் ஆகாது.

நீங்கள் குழுவில் “அது நடக்கலைங்க” என்று சொன்னது சந்தோஷம். மனதாரச் சொல்கிறேன். வீட்டுச் சண்டை இல்லை என்று அதை இரண்டு வருடம் முன்னால் கன்ட்ரோலரிடம் சொல்லியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

மலரில் போடாவிட்டால் போகட்டும். நேற்று எனக்கு விடுப்பு. பெயின்ட் வாங்கினேன். கார்டு அண்ணன் ஏணி கொடுத்தார். வண்டி பார்க்கிற பக்கம், ஜன்னலுக்குக் கீழே, ஓடுகிற வண்டியில் இருந்தும் படிக்கிற அளவுக்கு எழுதினேன்:

‘கடைசிப் பெட்டியைப் பார்க்காமல் வழி விட்டதால் இங்கே மனிதர்கள் செத்தார்கள். அதனால் இந்தக் கேபின் கட்டப்பட்டது. வால் பலகை தெரியும்வரை இங்கே யாருக்கும் லைன் கிளியர் கிடையாது. கட்டிய கணவனுக்கும் கிடையாது.’

கடைசி வரிக்கு இடம் போதவில்லை. நெருக்கி எழுதினேன். அது இல்லாமல் முடியாது.

இன்று காலை அதிகாரி ஜீப்பில் வந்தார். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தார். “யாரும்மா இதை எழுதச் சொன்னது?”

“வரலாறு எழுதணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க.”

“அழிச்சிடு. நாற்காலிக்கு மனு போட்டிருக்கே, ஞாபகம் இருக்கட்டும்.”

“எது பொய்னு சொல்லுங்க, அந்த வரியை மட்டும் அழிக்கறேன்.”

மறுபடியும் மேலே இருந்து கீழே வரை படித்தார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். நாற்காலி கிடைக்காமல் போகலாம். போனால் போகட்டும். இந்தக் கேபினை இடிக்கிற அன்று, எழுத்தோடு சேர்த்து இடிக்கட்டும்.

நாலாம் கேபின் பொறுப்பாளர்


நாலாம் கேபின்
ஏப்ரல் 2

உங்களுக்கு,

பதில் இல்லை. மணி மட்டும் ஒழுங்காக வருகிறது. கோபமாக்கும் என்று நினைத்து, நானும் பேசாமல் இருந்தேன்.

இன்று கார்டு அண்ணன் ஜன்னலுக்குக் கீழே நின்று சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். உங்கள் கேபின் சுவரிலும் பெயின்ட் காய்கிறதாம். எழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து, கடைசி வரி ஜன்னல் கட்டைமேல் ஏறிவிட்டதாம். “என்ன எழுதியிருக்கார்?” என்று கேட்டேன்.

“‘வால் பலகை தெரியும்வரை இங்கேயும் கிடையாது. மனைவிக்கும் கிடையாது’ன்னு எழுதியிருக்காரும்மா. அதிகாரி அங்கேயும் போய் அண்ணாந்து பார்த்துட்டு வந்தாராம்.”

லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேன் என்று அண்ணன் சொன்னால் நம்பாதீர்கள். அடுத்த வண்டிக்கு நீங்கள் மணியடித்தபோது நான் பதில் கொடுக்கக் கொஞ்சம் தாமதமானதற்குக் காரணம் வேறு ஒன்றுமில்லை.

ஆனாலும் அந்தக் கோணல் எழுத்தை அப்படியே விடமுடியாது. வண்டியில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுப்பு. உங்களுக்கு டூட்டி என்று தெரியும். பிரஷும் மிச்சப் பெயின்டும் கொண்டுவருகிறேன். வீட்டுக்கு வருகிறேன் என்று நினைத்துக்கொண்டு குழாயடியைத் துடைத்து வைக்காதீர்கள். ஐந்தாம் கேபினுக்குத்தான் வருகிறேன். வீட்டைப் பற்றி, தேர்வு முடிந்து யார் ஜெயித்தோம் என்று தெரிந்த பிறகு பேசலாம்.

ஏணி உயரம். கீழே பிடிக்க ஆள் வேண்டும். நீங்கள் பிடியுங்கள். ஆனால் மணி கேட்டால் ஏணியை விட்டுவிட்டு மேலே ஓடுங்கள். என்னைத் திரும்பிப் பார்க்காதீர்கள். வண்டி முழுசாகப் போய், வால் பலகையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து பிடியுங்கள்.

அதுவரை விழாமல் நிற்க எனக்குத் தெரியும்.

உங்கள் மனைவி,
நாலாம் கேபின் பொறுப்பாளர்