இருபதாம் தேதி விமானம்

ஏப்ரல் 10

வீட்டுக்கு வந்து இரண்டாவது நாள். கம்போடியாவில் எங்கள் பள்ளிக்குப் புத்தாண்டு விடுமுறை. அவர்களுக்கும் சித்திரையில்தான் புத்தாண்டு.

இங்கே உளுந்து பிடுங்கி முடிந்துவிட்டது. பாபநாசம் ரோட்டில் பாதியை அடைத்துச் செடியைப் பரப்பியிருக்கிறார்கள். பஸ் அதன் மேலேயே ஏறிப் போகிறது.

அம்மா என் பெட்டியைக் காலி செய்து, துணியெல்லாம் துவைத்துப் பீரோவில் அடுக்கிவிட்டாள். "இருபதாம் தேதி திரும்ப எடுத்து வைக்கணுமேம்மா" என்றேன். "அதை அப்பப் பாத்துக்கலாம்."

ஜூன் கடைசிவரை நான் அங்கே இருக்க வேண்டும். ஒரு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை; சம்பளம் இல்லை, தங்க இடமும் சாப்பாடும் தருகிறார்கள். ஏழாம் வகுப்பில் பத்தொன்பது பேர். ஜூன் 28 அன்று ஒவ்வொருவரும் பெற்றோர் முன்னால் நின்று மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். அதுவரை கூட இருப்பேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 12

கும்பகோணத்திலிருந்து ரெத்தினம் அத்தை வந்தாள். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. மகன் பரணிதரன் சிங்கப்பூரில் இருக்கிறான். "சும்மா புள்ளையப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். சும்மா வந்தவள் கையில் பழத்தட்டு எதற்கு?

எழுதக் கை கூசுகிறது. நான் கைகூப்பித் தலை குனிந்தேன். அங்கே பத்து மாதமாகப் பழகியது — பெரியவர்கள் என்றால் தலை இன்னும் கொஞ்சம் தாழ வேண்டும். நன்றாகவே தாழ்த்திவிட்டேன்.

"சம்மதமான்னு கேக்க வாயெடுத்தேன், அதுக்குள்ள தலையக் குடுத்துட்டாளே எங்கண்ணு!" மல்லிகைச் சரத்தைச் செருகிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு இங்கே யாரும் பெண்ணை எதுவும் கேட்பதில்லை.

ஏப்ரல் 13

பாஸ்போர்ட்டைக் காணோம். அப்பா அத்தையிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். சிங்கப்பூர் விசாவுக்கு இப்போதே வேண்டுமாம்.

"ஜெராக்ஸ் போதாதாப்பா?"

"ஒரிஜினல்தான் கேட்டாங்க."



ஏப்ரல் 14

புத்தாண்டு. தலைமை ஆசிரியை வகுப்புப் படத்தை அனுப்பி வாழ்த்துச் சொன்னார். இருபதாம் தேதி வருகிறேன் என்று பதில் போட்டேன். பொய்யா அது?

ஏப்ரல் 16

வாய்க்கால் கரையில் அப்பாவிடம் பேசப் போனேன். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, "ஓசியில சொல்லிக் குடுத்தது போதும்மா. நம்ம வீட்டுல மொதோ படிச்ச புள்ள நீ. நல்லாருக்கணும்ல" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் எதையாவது சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 18

கல்லூரியில் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, டவுன் பஸ் ஏறி அத்தை வீட்டுக்குப் போனேன். கூடத்தில் வெற்றிலையை நூறு நூறாக எண்ணிக் கவுளி கவுளியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாடி மருமவளே! அதுக்குள்ள மாமியா வீடு தேடுதா?"

"அத்தை, நான் குனிஞ்சது சம்மதம்னு இல்ல. அங்க எல்லாரையும் அப்படித்தான் கும்புடுவேன்."

அத்தை சிரித்தாள். பிறகு நிறுத்தினாள். "அப்ப நான் வச்ச பூவு?"

"மன்னிச்சிருங்க. நான் திரும்பிப் போகணும். பாஸ்போர்ட் வேணும்."

"அது திருச்சி ஏஜென்ட்டுகிட்டப் போகணும், இன்னும் எங்கிட்டதான் இருக்கு. பொண்ணு வந்து கேட்டான்னு நான் குடுத்தா நாளைக்கு உங்கப்பன் என்னைச் சும்மா விடுவானா? அவன் வந்து, பூவத் திருப்பிக்கிறேன்னு எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். குடுத்துர்றேன்."

வெற்றிலையில் ஒரு கவுளியை என் கையில் திணித்து அனுப்பினாள். வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம்.

ஏப்ரல் 19

களத்தில் உளுந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவோடு ஆறு பேர். நேராகப் போய் நின்றேன்.

"அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். பத்தொம்போது புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு. அத்தைகிட்ட நீங்க வந்து சொன்னாத்தான் பாஸ்போர்ட் கிடைக்கும்."

"கத்தாத. நாலு பேரு இருக்காங்க."

நான் கத்தவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கப் பேசும் குரல் அது. அப்பா அதை இதுவரை கேட்டதில்லை.

எல்லையம்மாள் அக்கா தடியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இந்தப் புள்ளைக்கு இவ்வளவு தொண்டை இருக்கா!"

அப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாப்பிட வரவில்லை.

ஏப்ரல் 20

விமானம் இந்நேரம் கிளம்பியிருக்கும்.

ஏப்ரல் 21

அம்மா: "எல்லாரு முன்னாடியும் மனுசனத் தலகுனிய வச்சிட்டியேடி."

ஏப்ரல் 24

அப்பா முதல் பஸ்ஸுக்கே கிளம்பிப் போனார். எங்கே என்று சொல்லவில்லை. மத்தியானம் வந்து டிவி மேல் பாஸ்போர்ட்டை வைத்துவிட்டு, சட்டையைக் கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டார். அத்தை வீட்டில் என்ன பேசினார், என்ன கேட்டுக்கொண்டார் — தெரியாது. கேட்கத் தைரியம் இல்லை. நன்றி சொல்லவும் இல்லை.

மே 2

திரும்ப வகுப்பில். பத்து நாள் பாடம் பாக்கி. கிளம்பும்போது அப்பா வயலில் இருந்தார். வயலில் இப்போது ஒரு வேலையும் கிடையாது.

மே 30

பரணிதரனுக்கு அம்மாபேட்டையில் பெண் நிச்சயமாகிவிட்டதாம். எங்களை அழைக்கவில்லை. அம்மா போனில் அழுதாள். அப்பா பக்கத்தில்தான் இருந்தார், பேசவில்லை.

ஜூன் 28

பத்தொன்பது பேரும் பேசினார்கள். ஒரு பெண் பாதியில் நின்றுவிட்டாள். யாரும் உதவவில்லை, நானும் உதவவில்லை. தானாகவே திரும்பத் தொடங்கினாள்.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டு, திருச்சிக்கு எத்தனை மணிக்கு வருகிறாய் என்று கேட்டாள். சொல்லத் தொடங்கியபோது அந்தப் பக்கம் மூச்சு மாறியது. அப்பா.

"எத்தன மணிக்கு?"

"ரெண்டாம் தேதி, காலைல ஒம்போதரைப்பா."

"வண்டி சொல்லியிருக்கேன்." வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "அப்பறம் என்ன பண்றதா இருக்க?"

இப்படி ஒரு கேள்வியை அவர் என்னிடம் கேட்டதே இல்லை.

"இன்னும் தெரியலப்பா."

"சரி. யோசிச்சுட்டு வா."